பம்பு செட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் நிகழ்த்திய பேச்சு)



நாளைக்கு மோட்டார் கொட்டகைக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சில பேர் அதைக் கண்டென்சர் என்பார்கள். தமிழில் மின்தேக்கி. பல கொட்டகைகளில் அது ஒயர் அறுந்து சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். "கரண்டுதான் இலவசமாச்சே, இது எதுக்குங்க?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கரண்டுக்குப் பணம் கட்டாமல் இருக்கலாம். காயில் எரிந்துபோனால் மறுபடி கட்டுவதற்கு நாம்தானே பணம் கொடுக்கிறோம்? பயிர் வாடினால் நஷ்டம் நமக்குத்தானே? அதனால் இந்த டப்பா என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வாய்க்கால், நடுவில் ஒரு மடை. வாய்க்காலில் மட்டம் ஏறினால் தண்ணீர் தொட்டிக்குள் போகும். மட்டம் இறங்கினால் வெளியே வரும். மட்டம் அசையாமல் நின்றால்? தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மடையில் ஓட்டம் இருக்காது. கெபாசிட்டரும் இப்படித்தான். வோல்ட்டேஜ் என்பது மட்டம். கரண்ட் என்பது மடையில் ஓடுகிற ஓட்டம். கெபாசிட்டரின் கொள்திறன் என்பது தொட்டியின் அகலம். மட்டம் ஓர் அடி ஏற, அகலமான தொட்டிக்கு அதிகத் தண்ணீர் வேண்டும் அல்லவா? அதுபோலக் கொள்திறன் இரண்டு மடங்கானால் கரண்டும் இரண்டு மடங்கு ஓடும்.

பேட்டரியில் மட்டம் அசையாது. கெபாசிட்டர் ஒரு தடவை நிறைந்ததோடு சரி, ஓட்டம் நின்றுவிடும். நம் லைனில் வருவதோ வினாடிக்கு 50 சுற்று மாறுகிற மின்சாரம். மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஓட்டமும் நிற்பதில்லை. கொள்திறனை மைக்ரோபாரட் என்று அளக்கிறார்கள். மைக்கேல் பாரடே என்ற இங்கிலாந்து விஞ்ஞானியின் பெயரால் வந்த அளவு அது. 240 வோல்ட் கொடுத்தால் 1 மைக்ரோபாரட்டுக்கு 0.075 ஆம்பியர் ஓடும். 36 மைக்ரோபாரட் என்றால் 2.7 ஆம்பியர்.

சரி, இதனால் மோட்டாருக்கு என்ன லாபம்? மோட்டார் இரண்டு வேலைக்குக் கரண்ட் கேட்கிறது. ஒன்று தண்ணீர் இறைக்க. இன்னொன்று காயிலில் காந்தம் உண்டாக்க. இந்தக் காந்தக் கரண்ட் கைமாற்று மாதிரி. வாங்கும், உடனே திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும். கெபாசிட்டரும் வாங்கித் திருப்புவதுதான். ஆனால் நேரம் மட்டும் நேர் எதிர். தொட்டியில் முதலில் தண்ணீர் ஓடவேண்டும், பிறகுதான் மட்டம் ஏறும். அதனால் கெபாசிட்டரில் கரண்ட் முந்தும். காயிலிலோ கரண்ட் பிந்தும். ஆகவே காயில் கேட்கிற நேரத்தில் கெபாசிட்டர் கொடுக்கும். காயில் திருப்புகிற நேரத்தில் இது வாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டிலேயே கைமாற்று கிடைத்தால், டிரான்ஸ்பார்மர் வரைக்கும் எதற்கு அலையவேண்டும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். 5 குதிரைசக்தி மூன்று ஃபேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் சுமார் 7.8 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 2 கேவிஏஆர் கெபாசிட்டர் எடுப்பது சுமார் 2.8 ஆம்பியர். கழித்தால் 5 தானே என்று நினைக்காதீர்கள். அது காந்தக் கரண்டில் மட்டுந்தான் கழியும். தண்ணீர் இறைக்கிற கரண்ட் அப்படியே இருக்கும். லைனில் சுமார் 6.5 ஆம்பியர் ஓடும். அதனால் அந்த மோட்டாருக்குப் போகும் கம்பியில் சூடாகி வீணாவது 100 பங்கில் 30 பங்கு குறைகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மோட்டாருக்குள் ஓடுகிற கரண்ட் இதனால் குறையாது. குறைவது கம்பியில் ஓடும் கரண்டும், கம்பியில் விழும் வோல்ட்டேஜும். ஒருவர் மட்டும் போட்டால் பலன் கொஞ்சந்தான். ஒரு டிரான்ஸ்பார்மரில் இருக்கிற எல்லாரும் போட்டால், கடைசிக் கம்பத்துக்காரர் மோட்டாருக்கும் போதிய வோல்ட்டேஜ் கிடைக்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துக் காயில் சூடேறுகிறது. வோல்ட்டேஜ் 300-க்கு விழுந்துவிட்டால் கெபாசிட்டரின் பலனும் பாதியாகிவிடும். ஆகவே இது ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியம்.

எந்த மோட்டாருக்கு எந்த அளவு? பொதுவாக 3 குதிரைசக்திக்கு 1 கேவிஏஆர், 5-க்கு 2, ஏழரைக்கு 3, 10-க்கு 4. பெரிசாய்ப் போட்டால் இன்னும் நல்லது என்று எண்ணவேண்டாம். அளவு மிஞ்சினால் சுவிட்சை நிறுத்தின பிறகும், சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டாரில் வோல்ட்டேஜ் ஏறிக் காயிலைக் கெடுக்கக்கூடும்.

கெபாசிட்டரை ரிலேக்குப் பின்னால், மோட்டார் பக்கம் இணைத்தால் ரிலேயையும் திருத்தவேண்டும். இப்போது ரிலே வழியாக 7.8 அல்ல, 6.5 தான் ஓடுகிறது. பழைய அளவிலேயே விட்டுவிட்டால், மோட்டாருக்குப் பாரம் கூடினாலும் ரிலே விழாது; காயில்தான் எரியும். டாங் டெஸ்டர் வைத்து அளந்து திருத்தச் சொல்லுங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டராக இருந்தால் எங்கே இணைப்பது என்பதை விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனே முடிவு செய்யட்டும். வேலை செய்கிறதா என்று தெரிய, கெபாசிட்டரோடு ஒரு தடவை, அதைக் கழற்றிவிட்டு ஒரு தடவை லைன் கரண்டை அளந்தால் போதும். வித்தியாசமே இல்லையென்றால் அது செத்த டப்பா. உப்பியிருந்தாலோ, ஒழுகினாலோ மாற்றிவிடுங்கள்.

கடைசியாக உயிர் சம்பந்தமான விஷயம். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் தொட்டியில் தண்ணீர் நிற்கிற மாதிரி, கெபாசிட்டரில் மின்சாரம் நின்றிருக்கலாம். அதை வடியவிடுகிற ரெசிஸ்டர் உள்ளே இருக்கும்; அது கெட்டுப்போயிருந்தால் வெளியே தெரியாது. ஆகவே நிறுத்தி ஐந்து நிமிஷமாவது காத்திருந்து, மின்சாரத்தை முறையாக இறக்கின பிறகே ஒயர்மேன் கை வைக்கவேண்டும். நீங்களாகத் தொடாதீர்கள்; பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள்.

வரப்பை வெட்டினால் பக்கத்து வயலும் காய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கரண்டிலும் அதே கதைதான். உங்கள் கொட்டகையில் தொங்குகிற அந்த ஒயரை இந்த வாரமே சரி செய்துவிடுங்கள்.