நெல்லஞ்சோறும் காட்டுத் தவசமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம்மவர் இல்லத் திருமணப் பந்தியில் யாம் அமர்ந்திருந்தபோது, இலையின் ஓரத்தில் கையளவு கம்மஞ்சோறு வைத்தார்கள். அருகிருந்த இளைஞர் அதனை ஏதோ விந்தைப் பொருள் என எண்ணிப் படம் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்பால் இருந்த மூதாட்டியாரோ அதனைத் தொடாது ஒதுக்கி, "இதைக் குத்திக் குத்தித்தானே இந்தக் கை போச்சு" என்று முணுமுணுத்தார். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவ்வம்மையாரின் சொல்லிலிருந்தே பிறந்தது.

சேலம், நாமக்கல் சமவெளி நீர்வளத்தால் பெயர்பெற்ற நாடன்று. மேட்டூர் அணை 1934இல் நம் மண்ணிலேயே எழுந்ததாயினும், அதன் நீரிற் பெரும்பகுதி தஞ்சைத் தரணிக்கே செல்கின்றது. அணையின் கால்வாய்க் கரைகளும், ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர்ப் பக்கமும் நீங்கலாக, எஞ்சியவற்றுட் பெரும்பாலன கிணற்றுத் தோட்டமும் மானாவாரிக் காடுமே. அக்காட்டில் நம் முன்னோர் சோளமும், கம்பும், ஆரியம் என நாம் வழங்கும் கேழ்வரகும், சாமையும், தினையும் விதைத்து உண்டனர். புறநானூற்றில் மாங்குடி கிழார் தம் நிலத்து உணவாக எண்ணிக் கூறுவன வரகு, தினை, கொள்ளு, அவரை என்னும் நான்கே. கோதுமை அங்கு இல்லை. அச்சொல்லே வடமொழியிலிருந்து வந்தது. பயிரும் குளிரை விரும்புவது. மணி முற்றும் காலத்தில் வெம்மை மிகுந்தால் மணி சுருங்கிவிடும். ஆகலின் தமிழகத்தில் நீலகிரி, பழனி போன்ற மலைகளே அதற்கு ஏற்ற இடங்களாயின. அம்மலைக் கோதுமையைப் பற்றும் துரு நோய் கோடையிலும் அங்கேயே தங்கியிருந்து, பின் காற்றின்வழி வடக்கே பரவுகிறதென்று கே. சி. மேத்தா என்னும் அறிஞர் ஆராய்ந்து உரைத்தார். வடநாட்டார்க்கு நாம் கோதுமை அனுப்பினோமில்லை. அதன் நோயை மட்டும் அனுப்பினோம் போலும்!

நிற்க. ஆரியத்திற்கு ஒரு பெருமை உண்டு. அது பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தானியக் குழியில் கொட்டி மூடிவிட்டால் மழை பொய்த்த ஆண்டுக்கு அதுவே வைப்புநிதி. அத்தகைய வைப்பும் போதாமற் போன காலம் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம். 1871ஆம் ஆண்டுக் கணக்கையும் 1881ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட்டால், அன்றைய சேலம் ஜில்லாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் குறைந்திருக்கக் காண்கின்றோம்.

இத்தகைய தவசங்களை நாம் ஏன் கைவிட்டோம்? நாகரிக மயக்கம் என்பர் சிலர். அது பாதி உண்மையே. மற்றைப் பாதி உரலில் இருக்கின்றது. ஆரியத்திற்கு உமி நீக்கும் வேலை இல்லை. திரிகையில் அரைத்தாற் போதும். கம்புக்கோ நீர் தெளித்துப் பிசறி, குந்தாணியில் இட்டுக் குத்தி, முறத்திற் புடைத்துத் தவிடு போக்கி, மீண்டும் குத்தவேண்டும். சாமையும் வரகும் இன்னும் கொடியவை. அவற்றின் உமி எளிதில் விடாது. இத்தனையும் விடியுமுன் எழுந்து செய்தவர் நம் தாய்மார். பெண் கொடுக்குமுன், "மாப்பிள்ளை வீட்டுக்கு வயல் உண்டா, வெறுங் காடுதானா?" என்று நம் பெரியோர் வினவியது செல்வத்தின்பால் கொண்ட ஆசையால் மட்டும் அன்று. வயல் உள்ள வீட்டில் மகளின் தோள் சற்றே ஓயும் என்பதும் அவர் கருத்து. ஆகவே, நெல் அரைக்கும் ஆலை வந்தபோது பெண்டிர் மகிழ்ந்தது முறையே. சிறுதானியத்தின் பெருமையை மேடைதோறும் முழக்கும் ஆடவர்கள் (எம்மையும் சேர்த்தே சொல்கின்றோம்) ஒரு வேளைக் கம்பையேனும் குத்திப் பார்த்துப் பின் முழக்குவார்களாக.

மற்றைப் பாதியாகிய மானக்கேட்டையும் மறைத்தற்கில்லை. நெல்லஞ்சோறு நோன்புக்கும் விருந்துக்கும் உரியதாய், களியும் கூழும் அன்றாடத்திற்கு உரியனவாய் இருந்தமையால், களி வறுமையின் அடையாளமாயிற்று. எம் வகுப்பில் ஒரு மாணவன் களிப்பாத்திரத்தின் மூடியைத் திறவாமலே பட்டினி கிடந்ததை யாம் கண்டதுண்டு. அரிசி அட்டைதாரர்க்கு 2011 முதல் அரிசி விலையின்றிக் கிடைப்பதால், வறியவர் உலையிலும் அரிசியே கொதிக்கின்றது. அது பசி தீர்த்த நற்செயல்; குறை கூற யாம் ஒருப்படோம்.

கோதுமை வேறு வழியாய் வந்தது. 1956இல் அமெரிக்காவுடன் செய்த ஒப்பந்தத்தால் கப்பல் கப்பலாய் இறங்கியது. பள்ளியிற் கோதுமை உப்புமா உண்ட முதியோர் இவ்வவையிலும் இருக்கலாம். இப்போதோ சர்க்கரை நோய் கண்டவர் வீட்டில் இரவுதோறும் சப்பாத்தி. கோதுமை மாவிலும் நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் மாவுச்சத்தே உள்ளது. நன்மை நேர்வது பெரும்பாலும் சோற்றைக் குவித்து உண்டவர் இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவதால். ஆரியக் களியையும் உருண்டைமேல் உருண்டையாக விழுங்கினால் சர்க்கரை ஏறவே செய்யும். ஆனால் சுண்ணாம்புச் சத்தில் அதற்கு இணையில்லை. நூறு கிராம் ஆரியத்தில் 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. கோதுமையில் 40 அளவு. தீட்டிய அரிசியில் 10க்கும் குறைவு. வளரும் பிள்ளைகளையும் கருவுற்ற பெண்டிரையும் உடைய நம் குடும்பங்கள் இதனைக் கருதவேண்டும்.

நம் காடுகளின் நிலை யாது? இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர்ச் சவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் தொடங்கிய சவ்வரிசித் தொழில், 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமையுமளவு வளர்ந்தது. மரவள்ளி காட்டைப் பிடித்தது. பின்னர்க் கொல்லிமலை மேலும் ஏறியது. 1997இல் சேலத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்திலோ கோழிப்பண்ணைகள் பெருகின. மக்காச்சோளமும் கம்பும் அங்குத் தீவனமாய்ச் செல்கின்றன. கம்பை நாணத்தால் விட்ட நாம் அதனை முட்டையாக உண்கின்றோம்! உழவர் பணப்பயிரை நாடியது பிழையன்று. பிள்ளைகளைப் படிக்கவைத்ததில் மரவள்ளிக்கும் பங்குண்டு.

ஆயினும் கொல்லிமலையில் நிகழ்ந்த ஒன்று நம் கவனத்திற்குரியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து அங்கே சாமை, தினை முதலியவற்றின் நாட்டு விதைகளைக் காக்க முயன்றனர். விதையைக் காத்தால் மட்டும் போதாது, உரலினின்றும் பெண்டிரை விடுவித்தாலன்றி எவரும் விதையார் என்பதையும் உணர்ந்து, சிறு உமி நீக்கும் இயந்திரங்களை ஊரில் அமைத்து மகளிர் குழுக்களிடமே ஒப்படைத்தனர். அரசும் 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது.

ஆகவே நம் சங்கத்தார்க்கு யாம் விண்ணப்பிப்பது இது. பந்தி இலையில் கையளவு வைப்பதை விட்டு, நம்மவர் வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும் வாரம் இருமுறை ஆரியக் களியோ கம்மஞ்சோறோ கீரைக் குழம்போடு முறையான உணவாக இடம்பெறட்டும். காடுடையோர் மரவள்ளிக்கு இடையே ஒரு சிறு பாத்தியேனும் சாமை விதைத்து விதை எடுக்கட்டும். கடையில் பளபளக்கத் தீட்டி, அரிசியினும் மிகுந்த விலைக்கு விற்கும் பொட்டலங்களை வாங்குவதினும், காட்டுக்காரரிடம் நேரே வாங்கி நாமே அரைத்துக்கொள்வது சிக்கனம்.

பந்தி முடிந்தபின் அம்மூதாட்டியாரிடம் இயந்திரத்தைப் பற்றி யாம் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "அது அப்பவே வந்திருக்கக் கூடாதா, வாத்தியாரே? சரி, எந்த ஊர்ல இருக்குது, படிக்கு என்ன கூலி கேக்கறாங்க?" என்றார். விசாரித்துச் சொல்வதாக வாக்களித்துள்ளோம். நம் பக்கத்து ஊர்களில் அத்தகைய ஆலை இருக்குமிடமும் கூலியும் அறிந்தவர், கூட்டம் முடிந்ததும் எம்மிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.