இருகண் நுணுக்குக்காட்டி

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பாடசாலைக்கு நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று நல்லுள்ளத்தோடு பணம் சேர்க்குஞ் சங்கங்கள் பல. கடைக்குச் சென்றதும் அவர்கள் கேட்பது, "எத்தனை மடங்கு பெருக்கும்?" என்பதே. ஆயிரம் மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் மகிழ்ந்து வாங்கி வருவார்கள். சில மாதங்களில் அது அலுமாரியிற் பூட்டப்பட்டுக் கிடக்கும். இதற்கு ஆசிரியரைக் குறைகூறல் முறையன்று.

அத்தகைய கூட்டு நுணுக்குக்காட்டியில் ஒரு பொருளைக் காண்பதற்கு, அதனை ஒளி ஊடுருவுமளவு மெல்லிதாகச் சீவிக் கண்ணாடி வழுக்கியில் வைத்தல் வேண்டும். 40 மடங்குப் பொருள்வில்லைக்கும் வழுக்கிக்குமிடையே ஒரு மில்லிமீற்றர் இடைவெளிகூட இராது. பத்து வயதுப் பிள்ளை கையில் ஏந்தி வருவதோ செவ்வரத்தம்பூ, எறும்பு, கடற்கரை மணல், வண்டு துளைத்த அரிசி! இவற்றை உள்ளது உள்ளபடியே காட்டுவதுதான் ஸ்டீரியோ எனப்படும் இருகண் நுணுக்குக்காட்டி.

நமது இரு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களிற் காண்கின்றன. மூளை அவ்விரு தோற்றங்களையும் இணைத்து ஆழத்தை உணர்த்துகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்ப்போர்க்கு இது நன்கு விளங்கும். 1890களில் ஹொறேசியோ கிறீனோ என்னும் அமெரிக்க உயிரியலாளர் கூறிய யோசனையைக் கொண்டு, ஜெர்மனியின் ஜேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் தொழிற்சாலையார் இக்கருவியைச் செய்தனர். கண்ணுக்கொன்றாக இரு குழாய்கள், ஒன்றையொன்று நோக்கிச் சிறிது சாய்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் அரியங்கள் தோற்றத்தை நேராக்கும். ஆகவே ஊசியை வலப்புறம் நகர்த்தினால் வலப்புறமே நகரும்; பூவைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளையின் கை தடுமாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்வைத்துண்டு இரண்டிருப்பதனாலேயே ஒரு கருவி ஸ்டீரியோ ஆகிவிடாது. கூட்டு நுணுக்குக்காட்டியிலும் இரு பார்வைத்துண்டுகள் உண்டு; ஆனால் அங்கே இரு கண்ணுக்கும் ஒரே தோற்றந்தான்.

உருப்பெருக்கம் 20 உம் 40 உம் இருந்தாற் பாடசாலைக்குப் போதுமானது. பார்வைத்துண்டின் புல எண் 20 என்றும், பொருள்வில்லையின் பெருக்கம் 2 என்றுங் கொள்வோம். முன்னதைப் பின்னதாற் பிரிக்க, கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் 10 மில்லிமீற்றர். பொருள்வில்லை 4 ஆயின் 5 மில்லிமீற்றரே. வளர்ந்த நுளம்புக் குடம்பி முதல் வட்டத்தில் முழுதாகத் தெரியும். இரண்டாவதில் தலையோ வாலோ ஒன்றுதான். பெருக்கம் ஏற ஏறக் காணும் இடம் சுருங்குகிறது என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை.

நுளம்பைக் காரணமின்றிச் சொல்லவில்லை. இலங்கை 2016 இல் மலேரியாவற்ற நாடெனச் சான்று பெற்றது. மறு ஆண்டே, மலேரியாவைப் பரப்பவல்ல புதியதோர் அனோபிலிஸ் இனம் மன்னாரிற் கிணறுகளிற் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. டெங்கு நுளம்பின் குடம்பிக்கு வாற்புறத்தில் மூச்சுக்குழல் ஒன்று நீண்டிருக்கும். அனோபிலிசுக்கு அக்குழல் இல்லை. இனத்தைத் துணிவது வல்லுநர் வேலை. ஆனால் இந்த ஒரு வேறுபாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டுத் தொட்டித் தண்ணீரிலேயே கண்டுகொள்ளலாம்.

பெருக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் வகையும், பொதுவான ஒரு பெரிய பொருள்வில்லை கொண்ட வகையும் உண்டு. நல்லவையே, விலையும் அதற்கேற்றது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு அவற்றுள் ஒன்றைவிட, எளிய கருவிகள் இரண்டோ மூன்றோ மேல் என்பதே எமது கருத்து.

மேலிருந்தும் கீழிருந்தும் ஒளி தரல் அவசியம். மணலுக்கும் பூவுக்கும் மேலொளி; நுளம்புச் சிறகுக்கும் குடம்பிக்கும் கீழொளி. பழைய இழைக் குமிழ் சூடேறித் தண்ணீரை வற்றச் செய்யும், எல்.ஈ.டி. விளக்கு அவ்வாறன்று. மின்கலத்திலும் எரியுமாயின் மின்சாரம் நின்ற நாளிலும் பாடம் நடக்கும்.

வாங்குமுன் ஒரு நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தல் வேண்டும். இரு வட்டங்களும் ஒன்றாகாது கண் வலித்தால், குழாய்கள் நேர்ப்படவில்லை, அதனை விட்டுவிடலாம். சிறுவர்க்குக் கண்மணிகளின் இடைத்தூரம் 55 மில்லிமீற்றரிலுங் குறைவாயிருத்தல் உண்டு. பார்வைத்துண்டுகள் அவ்வளவு நெருங்கி வருமா என்பதை ஒரு பிள்ளையை உடனழைத்துச் சென்றே பார்த்துவிடலாம்.

எமது நாட்டு ஈரக்காற்றில் வில்லைகளிற் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்து, அது ஈரம் உறிஞ்சியபின் உலர்த்தி மீண்டும் வைத்தல் நன்று. சரஸ்வதி பூசையன்று இக்கருவியையும் கொலுவில் வைக்கும் பாடசாலைகளைக் கண்டு மகிழ்கின்றோம். சந்தனப் பொட்டை அடிப்பீடத்தில் இடுங்கள். வில்லையின் பக்கம் திருநீற்றுத் தூளும் போகவேண்டாம், கீறிவிடும்.