எந்தக் கையை அளக்கிறது உங்கள் கணினி?

(‘வீட்டு முதியோரின் உடற்பயிற்சியைக் கணினியிடம் ஒப்படைக்கலாமா?’ என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘ஒப்படைக்கக் கூடாது’ என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, “கணினி பொய் சொல்லாது” என்றார். நானும் ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டுக் கணினியும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பதினாறு நாள் என்னை ஏமாற்றிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்துபோனது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு வாரத்துக்கு ஒருநாள் பிசியோதெரபி. மற்ற நாள்களில் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முடிந்த மட்டும் தூக்க வேண்டும். நான் வேலை முடிந்து வீடு சேர இரவு எட்டு மணியாகும். பகலில் அவருடன் இருப்பவர் பணிப்பெண். கை எவ்வளவு உயர்கிறது என்று யார் பார்ப்பது? அப்போதுதான் மனித உடல் அசைவைக் கண்டறியும் மென்பொருளைப் பற்றி நினைத்தேன்.

அது என்ன மென்பொருள்? 1973-இல் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனிதரின் மூட்டுகளில் வெளிச்சப் புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் எடுத்தார். சில புள்ளிகள்தாம் தெரிந்தன. ஆனால் பார்த்தவர்கள் ஒரு நொடியில், “மனிதர் நடக்கிறார்” என்று சொல்லிவிட்டார்கள். உடம்பின் அசைவைப் புரிந்துகொள்ள மூட்டுகள் இருக்கும் இடம் தெரிந்தால் போதும்.

இந்த மென்பொருளும் படத்தில் அந்த மூட்டுகளைத்தான் தேடுகிறது. 2010-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்ட் கருவிக்குத் தனி உணர்கருவி தேவைப்பட்டது. 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓப்பன்போஸ், சாதாரண கேமரா படத்திலேயே பலரின் மூட்டுகளை ஒரே நேரத்தில் கண்டுபிடித்தது. 2020-இல் கூகுள் தன் மீடியாபைப் தொகுப்பில் சேர்த்த மென்பொருள், கைப்பேசியிலேயே ஓடக்கூடியது. அது உடம்பில் 33 புள்ளிகளைக் குறிக்கிறது. இலவசமாகக் கிடைக்கிறது. அதைத்தான் என் மடிக்கணினியில் நிறுவினேன்.

நிறுவுவது கடினமா என்று கேட்பீர்கள். இரண்டு மாலை நேரம் போனது. முதல் தடங்கல், நான் ஆசையாகப் பைத்தனின் ஆகப் புதிய பதிப்பைப் போட்டது. மீடியாபைப் அந்தப் பதிப்புக்கு இன்னும் தயாராகவில்லை. “பொருத்தமான தொகுப்பு இல்லை” என்று கணினி கையை விரித்தது. சற்றுப் பழைய பைத்தனைத் தனிச் சூழலில் போட்டதும் வேலை நடந்தது. இரண்டாவது தடங்கல், இணையத்தில் கிடைத்த பழைய பாடம். 2023-இல் கூகுள் அந்தப் பழைய முறைக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய முறையில், மூட்டுகளைக் கண்டறியும் மாதிரிக் கோப்பைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு உண்டு. பெரியது துல்லியம், ஆனால் மெதுவு. என் பழைய மடிக்கணினிக்கு நடுத்தரமே போதுமாக இருந்தது.

திரையில் அப்பாவின் மேல் கோடும் புள்ளியுமாக ஓர் உருவம் எழுந்தது. அவர் சிரித்தார். “என்னடா, பொம்மலாட்டம் மாதிரி இருக்கு!” என்றார்.

எங்கள் வீவக வீட்டுக் கூடம் சிறியது. மடிக்கணினியை மேசையில் வைத்தால் அப்பாவின் நெஞ்சு வரைதான் தெரிந்தது. ஆனால் மென்பொருள் தெரியாத இடுப்பையும் முழங்காலையும்கூட ஊகித்துப் புள்ளி வைத்தது! அவர் கைலி கட்டி உட்கார்ந்தால் முழங்கால் புள்ளிகள் அலைபாய்ந்தன. நல்லவேளை, ஒவ்வொரு புள்ளியுடனும் அது கண்ணுக்குத் தெரிவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணையும் மென்பொருள் தருகிறது. அந்த எண் குறைவாக இருந்தால் கணக்கில் சேர்க்காதே என்று எழுதி வைத்தேன். சோபாவை நகர்த்தி, மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் ஏற்றினேன். இடுப்பு, தோள், முழங்கை ஆகிய மூன்று புள்ளிகளுக்கு இடையிலான கோணத்தை அளக்கச் சொன்னேன். கை தொங்கினால் ஏறக்குறைய 0 பாகை. தலைக்கு மேல் உயர்ந்தால் 180.

இங்கேதான் தவறு செய்தேன். திரையில் தம் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இல்லாததால் அப்பா குழம்பினார். படத்தை இடவலமாகத் திருப்பும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். மறுநாளே பதிவைத் தொடங்கினேன்.

என்ன அதிசயம்! இடது கை, தினமும் 150 பாகைக்கு மேல்! ஜோகூரிலிருக்கும் அக்காளுக்குத் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தேன். “அப்பா, நல்லா முன்னேறிட்டீங்க. மதியம் ஓய்வெடுங்க, காலையும் மாலையும் செஞ்சா போதும்” என்றும் சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள், சிகிச்சை நிலையத்தில் என் வரைபடத்தைப் பெருமையோடு நீட்டினேன். பிசியோதெரபிஸ்ட் அதை வாங்கி ஓரமாக வைத்தார். “அங்கிள், இடது கையை மட்டும் தூக்குங்க” என்றார். கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலைத் தோளில் வைத்தார். 65 பாகை. பிறகு என்னைப் பார்த்து, “நீங்க காட்டினது எந்தக் கையோட கணக்கு?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். திருப்பிய படத்தைத்தான் மென்பொருளுக்குக் கொடுத்திருக்கிறேன். திருப்பிய படத்தில் வலது கை, இடது கையாகத் தெரியும். மென்பொருள் கண்ட படத்துக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. பதினாறு நாளும் அது அளந்தது அப்பாவின் நல்ல கையை!

நடுவர் அவர்களே, அதைவிட என்னைச் சுட்டது அப்பா சொன்னதுதான். “கை தூக்க முடியலைன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா கணினியே சொல்லுதுன்னு நீ சொன்னே. எனக்குத்தான் சரியா புரியலைன்னு பேசாம இருந்துட்டேன்.”

சொந்தக் கையைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை, ஓர் எண்ணுக்காக என் தந்தை நம்பாமல் விட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டிய நான், கோப்பில் இருந்த எண்ணைப் பார்த்தேன். தவறவிட்ட மதியப் பயிற்சிகள் போனது போனதுதான்.

அப்படியானால் மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டேனா? இல்லை. இன்றும் ஓடுகிறது. ஆனால் சில கட்டுப்பாடுகளுடன். திருப்பாத படத்தை அளக்கக் கொடுத்து, திரையில் காட்டும்போது மட்டும் திருப்புகிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் இடது கையை மட்டும் தூக்கச் சொல்லி, எந்த எண் ஏறுகிறது என்று பார்க்கிறோம். வாரம் ஒருமுறை பிசியோதெரபிஸ்டின் அளவோடு ஒப்பிடுகிறோம். கையை முன்பக்கமாகத் தூக்கும் பயிற்சி என்றால், கேமராவைப் பக்கவாட்டில் வைக்கிறோம். நேரே கேமராவை நோக்கி நீளும் கையை அது சரியாக அளக்காது.

இன்னொன்று. கை உயர வேண்டும் என்ற ஆசையில் அப்பா தோளை உயர்த்தி, உடம்பை வலப்பக்கம் சாய்த்துக்கொள்கிறார் என்று பிசியோதெரபிஸ்ட்தான் கண்டுபிடித்தார். அவர் சொன்ன பிறகே இரு தோள்களின் உயரத்தையும் ஒப்பிடுமாறு எழுதினேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த மனிதர் சொன்னால்தான், கணினி அதைப் பார்க்கும்.

வீட்டுக்குள் கேமரா வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவி முடித்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துப் பாருங்கள். அப்போதும் மென்பொருள் ஓடினால், அளவிடும் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது என்று பொருள். பயிற்சி நேரத்தில் நாங்கள் இணைப்பைத் துண்டித்தே வைக்கிறோம். படத்தைச் சேமிப்பதில்லை, கோணத்தை மட்டுமே. கூடத்தில் நடமாடும் பணிப்பெண்ணும் அந்தக் கேமராவில் விழுகிறார். அவரிடமும் காட்டி, விளக்கி, சம்மதம் கேட்டோம். கேட்க வேண்டியது நம் கடமை.

எதிரணி நண்பர்களே, கருவியை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; பொறுப்பை ஒப்படைக்காதீர்கள் என்கிறோம். அந்த 33 புள்ளிகளில் மூக்கு உண்டு, தோள் உண்டு, குதிகால்கூட உண்டு. வலி எங்கே என்று காட்டும் புள்ளி இல்லை. அதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். இப்போதெல்லாம் இரவில் வீட்டுக்குப் போனதும் நான் முதலில் கோப்பைத் திறப்பதில்லை. “இன்னிக்குக் கை எப்படிப்பா இருக்கு?” என்று கேட்கிறேன். அவர் சொன்ன பிறகுதான் எண்ணைப் பார்க்கிறேன்.