இரைப்பை அறுவைக்குப் பின் உணவு முறை



இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரைச் சில சமயங்களில் துன்புறுத்துவது உற்றாரின் அன்பே ஆகும். இளைத்துப் போனாரே என்று இல்லத்தார் ஒரு கிண்ணம் பாயசம் தருகின்றனர். டில்லியிலோ நாகபுரியிலோ வாழ்பவராயின், அண்டை வீட்டார் இனிப்பு லஸ்ஸி கொணர்கின்றனர். அருந்திய அரைமணிக்குள் நோயாளிக்கு வயிறு பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துத் தலை சுற்றுகிறது. சிகிச்சை பலிக்கவில்லையோ என்று வீடே கலங்குகிறது. அக்கலக்கத்தைப் போக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

இரைப்பை உணவைத் தேக்கி வைக்கும் வெறும் பையன்று. அதன் கீழ்வாயிலில் உள்ள தசை வளையம், காவலனைப் போல் நின்று, கூழான உணவைச் சிறிது சிறிதாகவே சிறுகுடலுக்குள் விடுகிறது. 1881ஆம் ஆண்டு வியன்னாவில் தியோடர் பில்ராத் என்னும் அறுவை நிபுணர், புற்றுநோய் கண்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி வெற்றி கண்டார். இச்சிகிச்சை பலருடைய உயிரைக் காத்துள்ளது. ஆயினும் அப்பகுதியோடு காவலனும் போய்விடுகிறான். உணவு விரைந்து குடலில் கொட்டுகிறது. இனிப்பின் செறிவு இரத்தத்திலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. இதனை மருத்துவர் 'டம்பிங்' என்பர்.

சிலருக்குத் தொல்லை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை இரத்தத்தில் சட்டென்று ஏறுவதால் இன்சுலின் மிகுதியாகச் சுரந்து, சர்க்கரையின் அளவைத் தாழ்த்திவிடுகிறது. நடுக்கமும் பசியும் மயக்கமும் அதன் அறிகுறிகள்.

இதற்குப் பரிகாரம் என்ன? காவலன் செய்த வேலையை இனி நம் கை செய்ய வேண்டும். மூன்று வேளை உணவை ஐந்து அல்லது ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நன்கு மென்று, நிதானமாக உண்ணுங்கள். உணவோடு நீர், ரசம், மோர் ஆகியவற்றை மிகுதியாகச் சேர்க்காமல், அரைமணி இடைவெளி விட்டுப் பருகுங்கள். சர்க்கரை, வெல்லம், பழரசம் ஆகியவற்றைக் குறையுங்கள். குழைந்த சோற்றுடன் கெட்டிப் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவு இருக்கட்டும். பாலைக் குடித்தால் வயிறு உப்புமாயின் சிறிது தயிரை உண்டு பாருங்கள். உண்டபின் தலை சுற்றினால் சற்றே சாய்ந்திருப்பது நலம். பெரும்பாலோருக்கு இத்தொல்லை நாளடைவில் தணியும்.

தணியாத ஒன்றும் உண்டு. பி12 என்னும் வைட்டமினைக் குடல் ஏற்பதற்கு வேண்டிய பொருள் இரைப்பையிலேதான் சுரக்கிறது. இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவருக்கு அவ்வைட்டமினை வாழ்நாள் முழுவதும், பெரும்பாலும் ஊசி மூலம், அளிக்க வேண்டும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. சில ஆண்டுகள் சென்றபின் சோகையாகவும் கால் மரமரப்பாகவும் வெளிப்படும். இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளையும் அவ்வப்போது சோதித்தறிய வேண்டும்.

வேலை மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்லும் அன்பர்கள் இங்கேதான் தவறிவிடுகின்றனர். பழைய மருத்துவர் ஓர் ஊரில். புதிய வீடு வேறோர் ஊரில். ஊசி நின்றுபோகிறது. ஆதலால் என்ன அறுவை நடந்தது என்று கூறும் மருத்துவமனைச் சீட்டைப் பெட்டியில் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். ஓயாத வாந்தி, கருமலம், எடைக்குறைவு, நினைவு தடுமாறும் மயக்கம் ஆகியவை கண்டால் தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.

அன்பு குறைய வேண்டுவதில்லை. கிண்ணம் மட்டும் சிறிதாகட்டும்.