பச்சோந்திக்கு ஏற்ற கூடு



தோட்டத்து வேலியில் தலையாட்டும் ஓணானை நாம் பச்சோந்தி என்கிறோம். உண்மைப் பச்சோந்தி வேறு, அதுவும் நம் நாட்டில் உண்டு. செல்லமாக வளர்க்கப்படும் ஏமன் பச்சோந்தி அரேபிய மலைநாட்டைச் சேர்ந்தது.

அதற்கு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகாது, காற்று தேங்கும். கம்பிவலை அடித்த, 2 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள கூடே ஏற்றது. உள்ளே விரற்பருமனுள்ள கிளைகளும் செம்பருத்திச் செடியும் வைப்போம். கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளியையே நக்கிக் குடிக்கும். ஆகவே நாள்தோறும் இலைகளில் நீர் தெளிக்க வேண்டும். வெயிலும், ஒதுங்க நிழலும் வேண்டும். புற ஊதாக் கதிர் கிடைக்காவிடில் எலும்பு வளையும். ஒரு கூட்டில் ஒன்றே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்ய இயலாதெனில், வேலி ஓணானை எட்ட நின்று பார்த்து மகிழ்வோம்.