அச்சத்தின் நடுவே சமாதானம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்தில் 1990 இல் மின்சாரம் நின்றபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்தோம். பொம்பர் இரைச்சல் கேட்டதும் புத்தகத்தைப் போட்டுவிட்டு, பள்ளி வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடுவோம். அந்த இருட்டில் விடுதிப் பொறுப்பாசிரியை 23ஆம் சங்கீதத்தைத் தொடங்குவார். கிறிஸ்தவப் பிள்ளைகளும் சைவப் பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அதைச் சொல்லுவோம். சொல்லி முடித்தால் குண்டு எங்கள்மேல் விழாது என்றே நம்பினோம்.

ஒரு நாள் எங்கள் வகுப்பில் ஒரு கதிரை வெறுமையானது. அவளும் அதே சங்கீதத்தை எங்களோடு சொன்னவள்தான். அதன்பின் எங்களில் பலருக்கு வாய் மட்டுமே அசைந்தது. "அவள் சொன்னது கடவுளுக்குக் கேட்கேல்லையோ ரீச்சர்?" என்று கேட்டோம். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எங்களோடு இருந்து அழுதார்.

1995 ஒக்ரோபர் 30. அன்றிரவு மழையில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க ஓரடி வைக்கவும் இடமிருக்கவில்லை. விடுதிப் பிள்ளைகளான எங்களுடன் அந்த ஆசிரியையும் வந்தார். எங்களில் ஒருத்தி நடுங்கியபடி, "சங்கீதம் சொல்லுவமோ ரீச்சர்?" என்றாள்.

"சொல்லுங்கோ பிள்ளையள். ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. தொடக்கத்திலை தாவீது கடவுளைப் பற்றிக் கதைக்கிறார், 'அவர்' எண்டு. இருட்டுப் பள்ளத்தாக்கு வந்தவுடனை 'தேவரீர்' எண்டு நேரை அவரோடையே கதைக்கத் தொடங்கிறார். பள்ளத்தாக்கு இல்லாமல் போகேல்லை. ஆள் கிட்ட வந்திட்டார்."

அந்த இரவில் அது எங்களுக்கு அரைகுறையாகவே விளங்கியது.

பின்னர் எங்களில் சிலர் வைத்தியரானோம். பயம் உடலில் என்ன செய்கிறது என்று படித்தோம். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஆனால் பயத்துக்கு எது மருந்து என்பதைக் கொவிட் காலத்து விடுதி ஒன்றிலேதான் கண்டோம். உறவினர் எவரும் உள்ளே வர முடியாத நாட்கள் அவை. பாதுகாப்பு உடைக்குள் எங்கள் முகமே தெரியாது. வயதான அம்மா ஒருவர் எங்கள் கையுறையைப் பற்றிக்கொண்டு, "பிள்ளை, போகாதையுங்கோ. கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ" என்றார். நின்றோம். மருந்து எதையும் மாற்றவில்லை. ஆனாலும் அவருடைய படபடப்பு மெல்ல அடங்கியது. மறுநாள் விடியற்காலையில் அவர் காலமானார். முகத்தில் முதல் நாளிருந்த அந்தக் கலக்கம் இருக்கவில்லை.

பாலத்தடியில் ஆசிரியை சொன்னது அன்றுதான் முழுமையாக விளங்கியது. கெத்செமனேயில் இயேசுவும் கலங்கினார். தம்மோடு விழித்திருக்கும்படி சீடரைக் கேட்டார். அவர்கள் நித்திரையானார்கள். தனிமையில் பயப்படுவது எப்படியிருக்கும் என்பதை அறிந்த ஒருவரே எங்கள் பக்கத்தில் நிற்கிறார். எங்கள் விசுவாசம் தரும் சமாதானம் இதுதான். குண்டு விழாது என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. அந்த வெறுங்கதிரைக்கு இன்றும் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் அவரைப் பற்றியல்லாமல் அவரிடமே கேட்கக் கற்றுக்கொண்டோம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் புத்தாண்டு வாணவெடி கேட்டு இன்றும் திடுக்கிடும் சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். அது விசுவாசக் குறைவல்ல. வாரக்கணக்கில் நித்திரையைக் கெடுக்கும் பயத்துக்கு வைத்திய உதவி தேடுங்கள். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முக்கியமாக, பயத்தைத் தனியே சுமக்காதீர்கள். பங்கருக்குள் பிடித்த கைகளை விட்டுவிடாதீர்கள். உங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு இன்றிரவே தொலைபேசி எடுங்கள்.

நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் செய்துவருவதும், ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்பதுதானே! ஆண்டவருடைய சமாதானம் உங்கள் யாவரோடும் தங்கட்டும்.