பேனருக்குக் கீழே ஒரு நம்பர்

(சேலத்தில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி கூட்டத்தில் நமது தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடி மாசம் ஐந்து ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரு தடவை வண்டியில போய்ப் பாருங்க. ஆடித் தள்ளுபடி, கடை திறப்பு விழா, கோட்டை மாரியம்மன் பண்டிகை வாழ்த்து... எல்லாமே சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி, ஃபிளெக்ஸ். நாமக்கல்லிலும் இதே கதைதான். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர்ல, பேனர் சீசனும் அதே ஆடிதான்!

நான் படிச்சது மெக்கானிக்கல். ஒரு சின்னக் கணக்கு சொல்றேன். 10-க்கு 8 அடி பேனர். 60 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா அடிச்சா, 120 கிலோ எடைக்கு மேல அதைத் தள்ளும். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுறது நாலு மடங்கு. குழிகூட தோண்டாம நடுத்திட்டுல நிறுத்தின ரெண்டு கம்பு அதைத் தாங்குமா?

2019 செப்டம்பர் 12, சென்னை பள்ளிக்கரணை. 23 வயசு சாஃப்ட்வேர் இன்ஜினியர் சுபஸ்ரீ வண்டியில வந்துட்டிருந்தாங்க. ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண பேனர் மேல விழுந்து தடுமாறி சாய்ஞ்சாங்க. பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. அப்புறம் 2023 ஜூன் 1, கோவை கருமத்தம்பட்டி. பெரிய விளம்பரப் பலகையில வேலை பார்த்த 3 தொழிலாளர்கள், காத்துல அது சரிஞ்சு இறந்தாங்க. மூணு பேரும் நம்ம சேலம் மாவட்டத்துக்காரங்க.

சட்டம் இல்லாம இல்லீங்க. டிஜிட்டல் பேனருக்கு 2011-லேயே விதி வந்தாச்சு. முன்கூட்டியே அனுமதி வாங்கணும். அனுமதி எண், எந்தத் தேதி வரைக்கும்னு பேனர்லயே போட்டிருக்கணும். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவே தடை. நீங்க கடைசியா நம்பர் போட்ட பேனரை எப்ப பார்த்தீங்க?

கடை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு: "தம்பி, எங்க பேனரை மறுநாளே கழட்டிடுறாங்க. தலைவர் படம் போட்டதை யாரு தொடுறா?" நான் என்னத்த பதில் சொல்றது? சுபஸ்ரீ இறந்தப்போ பேனர் வேண்டாம்னு கட்சிகள் அறிக்கை விட்டது. அது எத்தனை நாள் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால மாநகராட்சிகிட்ட நாம கேட்க வேண்டியது ரெண்டு. சின்னக் கடைக்காரர் மனு போட்டா ரெண்டு நாள்ல அனுமதி உண்டா இல்லையான்னு சொல்லணும், கட்டணத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்கணும். நம்பர் இல்லாத பேனர் யாருடையதா இருந்தாலும் அன்னைக்கே இறங்கணும். சொந்தக் கடைச் சுவத்துல பலமா அடிச்ச போர்டைப் பத்தி எனக்குப் பிரச்சினை இல்லை. ரோட்டுல, நடைபாதையில, டிரான்ஸ்ஃபார்மர் கம்பியில கட்டுறதுதான் பிரச்சினை. ஃபிளெக்ஸ் அடிக்கிற தம்பிகள் பொழப்பு போயிடுமேன்னு கேட்பீங்க. அனுமதியோட அடிக்கட்டும், வேலையும் இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்குப் பயந்து பயந்து கம்பத்துல ஏறவும் வேண்டாம்.

இதைக் கேட்கிற தகுதி வரணும்னா முதல்ல நம்ம பேனர் இறங்கணும். அடுத்த நிர்வாகிகள் கூட்டத்துக்கு ரோட்டுல ஒரு ஃபிளெக்ஸும் வேண்டாம் அண்ணே. வாட்ஸ்அப்புக்கு டிசைன் இன்னைக்கு ராத்திரியே நான் பண்ணி அனுப்புறேன்.